எழுபதில் தொடங்கிய இரண்டாம் ஆட்டம்



ஒரு விளையாட்டுக்கு ஒரு பயிற்சியாளர் என்பது இன்றைய வழக்கம். ஆனால் நூறாண்டுகளுக்கு முன், அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால், தடகளம் என்று மூன்றையும் ஒருவரே கற்றுக்கொடுத்தார். அவர் ஏமஸ் அலோன்சோ ஸ்டாக்.

கூடைப்பந்திலும் அவருக்குப் பங்குண்டு. 1892 மார்ச் மாதம் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், பொதுமக்கள் முன்னிலையில் முதல் கூடைப்பந்து ஆட்டம் நடந்தது. மாணவர்களிடம் ஆசிரியர் அணி 5-க்கு 1 என்று தோற்றது. அந்த ஒற்றைப் புள்ளியை எடுத்தவர் ஸ்டாக்தான்!

அதே ஆண்டு சிகாகோவுக்கு வந்தவர், 41 பருவங்கள் அங்கே கால்பந்து அணியை வழிநடத்தினார். எழுபது வயதானதும் பல்கலைக்கழகம் ஓய்வு கொடுத்தது. அவரோ பெட்டியைக் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குப் போய், வேறொரு கல்லூரியில் மேலும் 14 பருவங்கள் பயிற்சி தந்தார். 1943-இல் ஆண்டின் சிறந்த கால்பந்துப் பயிற்சியாளராகத் தேர்வானபோது அவருக்கு வயது 81. பிறகு, பயிற்சியாளரான தம் மகனுக்கும் துணை நின்றார்.

இன்னொரு வியப்பு: சிகாகோவில் அவர் பெயர் தாங்கிய மைதானத்தின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில்தான், 1942 டிசம்பர் 2 அன்று, மனிதர் உருவாக்கிய முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினை நிகழ்ந்தது.

1965-இல் ஸ்டாக் மறைந்தபோது அவருக்கு வயது 102.