எட்டாவதாக வந்தான், சரித்திரம் படைத்தான்!

ஓட்டப் பந்தயத்தில் எட்டாவதாக வந்தவனை யாராவது கொண்டாடுவார்களா?

கொண்டாடினார்கள்! அவன் ஒரு பள்ளிக்கூட மாணவன். வயது 17. பெயர் ஜிம் ரியன்.

எங்கும் இடம் இல்லை

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா என்ற நகரம் இருக்கிறது. அங்கே 1947-ம் ஆண்டு ஜிம் ரியன் பிறந்தான். சிறு வயதில் அவனுக்குத் தட்டம்மை வந்தது. அதனால் காது கேட்கும் சக்தி குறைந்துவிட்டது.

விளையாட்டு என்றால் அவனுக்கு உயிர். கூடைப்பந்துக் குழுவில் சேரப் போனான். சேர்த்துக்கொள்ளவில்லை. பேஸ்பால் குழுவுக்குப் போனான். அங்கும் இடம் இல்லை.

1962-ல் நெடுந்தூர ஓட்டத்துக்குப் போனான். அங்கே இடம் கிடைத்தது!

பயிற்சியாளர் பாப் டிம்மன்ஸ் அவனைக் கவனித்தார். "ஒரு மைல் தூரத்தை 4 நிமிடத்துக்குள் உன்னால் ஓட முடியும்" என்ற நம்பிக்கையை ஊட்டினார்.

ரியனால் அதை நம்பவே முடியவில்லை. ஏன் தெரியுமா? ஒரு மைல் என்றால் 1,609 மீட்டர். அந்தத் தூரத்தை 4 நிமிடத்துக்குள் உலகில் முதன் முதலாக ஓடி முடித்தவர், இங்கிலாந்து மருத்துவ மாணவர் ரோஜர் பானிஸ்டர். அது நடந்தது 1954-ல். அதுவரை "மனிதனால் முடியாது" என்று பலர் சொல்லிக்கொண்டு இருந்தார்கள்!

ரியன் ஓடினான். ஓடிக்கொண்டே இருந்தான். கால் மைல் ஓட்டத்தை ஒரே நாளில் 40 தடவை ஓடியதும் உண்டு!

அந்த ஒரு வினாடி

1964 ஜூன் 5. கலிபோர்னியாவில் காம்ப்டன் நகரில் பந்தயம் நடந்தது. பெரிய வீரர்களுடன் ரியனும் ஓடினான். ஏழு பேர் அவனுக்கு முன்னால் போய்விட்டார்கள். ரியன் எட்டாவது.

ஆனால் கடிகாரம் என்ன காட்டியது?

3 நிமிடம் 59 வினாடி!

4 நிமிடத்துக்குள் மைல் ஓடிய முதல் பள்ளி மாணவன் அவன்தான்.

அடுத்த ஆண்டு, ஒலிம்பிக் வீரர் பீட்டர் ஸ்நெல்லையே ரியன் தோற்கடித்தான். வித்தியாசம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு! நேரம் 3 நிமிடம் 55.3 வினாடி.

1966-ல் கல்லூரி மாணவனாக இருக்கும்போதே உலக சாதனை. 1967-ல் அதையும் அவனே முறியடித்தான். 3 நிமிடம் 51.1 வினாடி! 1975 வரை அதை யாரும் முறியடிக்கவில்லை.

விழுந்தார், எழுந்தார்

ஒலிம்பிக் தங்கம் மட்டும் கிடைக்கவில்லை. 1968-ல் மெக்சிகோவில் கென்யாவின் கிப் கெய்னோ முந்திக்கொண்டார். ரியனுக்கு வெள்ளிப் பதக்கம்.

1972-ல் மியூனிக் ஒலிம்பிக். முதல் சுற்றிலேயே இன்னொரு வீரருடன் மோதி, ரியன் கீழே விழுந்தார். மற்றவர்கள் வெகு தூரம் போய்விட்டார்கள். இனி ஜெயிக்க முடியாது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் எழுந்தார். கடைசி வரை ஓடி முடித்தார்.

பிற்காலத்தில் அவர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார்.

1965-ல் அவர் ஓடிய நேரம், அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் மைல் சாதனையாக 36 ஆண்டுகள் நிலைத்து நின்றது. 2001-ல்தான் ஆலன் வெப் என்ற மாணவர் அதை முறியடித்தார்.

எந்தக் குழுவிலும் இடம் கிடைக்காத பையனைப் பிடிக்க, அத்தனை காலம் ஆயிற்று!