முதலில் எர்த், பிறகு பெட்டி

தீபாவளிக்கு ஈப்போவுக்கோ பினாங்குக்கோ போய்விட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் பாகான் செராய்க்குத் திரும்பும் குடும்பங்கள் பலவற்றுக்கு இது தெரிந்த கதைதான். கதவைத் திறந்ததும் வாடை அடிக்கும். ஐஸ்பெட்டியில் மிச்சம் வைத்த ஆட்டிறைச்சி கெட்டுப்போய், அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். மெயின் சுவிட்ச் இருக்கும் டிபி பெட்டியைத் திறந்தால் ஈஎல்சிபி சுவிட்ச் கீழே விழுந்து கிடக்கும். கிளம்பிய அன்று மாலையே இடி இடித்திருக்கும். இறைச்சியோடு போனால் நட்டம் சின்னது. ஆட்டோகேட் போர்டு, ஏர்கோன் போர்டு, சிசிடிவி பெட்டி என்று ஒரே இடியில் மூன்றையும் பறிகொடுப்பவர்களும் உண்டு.

அதன் பிறகுதான் வீடு முழுவதற்கும் ஒரு சர்ஜ் பெட்டி போடலாமா என்ற பேச்சு எழும். தாராளமாகப் போடலாம். ஆனால் அது என்ன செய்யும், என்ன செய்யாது, எதை நம்பி வேலை செய்கிறது என்று தெரியாமல் போட்டால், காசு கொடுத்து வாங்கியது சுவரில் ஒரு பச்சை அடையாளம் மட்டும்தான்.

தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரை, உலகிலேயே இடி அதிகம் இடிக்கும் வட்டாரங்களில் ஒன்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள் இடிமுழக்கம் கேட்கிறது. பருவக்காற்று திசை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் அதன் உச்சம். தீபாவளி விழுவதும் அந்த நாள்களில்தான். மாலை இடி போதாதென்று, சுமத்திராவிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் வந்து அறையும் இடிமழையும் உண்டு. பாகான் செராய் இருக்கும் கிரியான் மாவட்டமோ தட்டையான தரை. வயலும் செம்பனையும் வாய்க்காலுமாகப் பரந்து கிடக்கும் வெளியில், வரிசையாக நிற்கும் மின்கம்பங்கள் இடிக்கு நல்ல இலக்கு.

இடி உங்கள் கூரையில் விழ வேண்டும் என்பதில்லை. ஒரு மின்னல் வீச்சில் சராசரியாக 30,000 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் பாயும். சில நூறு மீட்டர் தள்ளி வரப்பில் விழுந்தாலும், அதன் காந்தப்புலம் பக்கத்தில் ஓடும் மின்கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டைக் கிளப்பிவிடும். அந்த அலையின் ஆயுள் மைக்ரோவினாடிக் கணக்குதான், ஆனாலும் எலக்ட்ரானிக் போர்டைச் சாகடிக்க அது போதும். மின்சார நிறுவனமான டிஎன்பி நமக்குத் தருவது 230 வோல்ட். டிவி, ஐஸ்பெட்டி போன்ற வீட்டுச் சாமான்கள் ஒரு கணம் தாங்க வேண்டும் என்று அனைத்துலகத் தரம் வைத்திருக்கும் அளவு 2,500 வோல்ட். அதற்கு மேல் போனால் அவரவர் அதிர்ஷ்டம்.

"அதுக்குத்தான் ஈஎல்சிபி இருக்கே அண்ணே, இன்னொரு பெட்டி எதுக்கு?" என்று கேட்பவர்கள் நிறைய. ஈஎல்சிபி பாதுகாப்பது உங்கள் உயிரை, டிவியை அல்ல. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்க்கிறது. எங்கோ கசிந்து தரைக்குப் போனால் இணைப்பைத் துண்டிக்கிறது. இடியலையின் ஒரு பகுதி வயர்கள் வழியாகத் தரைக்கு ஓடும்போது அதையும் கசிவு என்று எடுத்துக்கொண்டு விழுகிறது. அது விழுவதற்குள் பல மில்லிவினாடிகள் ஓடிவிடும். இடியலை அதற்கு எவ்வளவோ முன்பே வீட்டைக் கடந்து போயிருக்கும். அதனால் ஈஎல்சிபி விழுந்தது, சாமான் தப்பியது என்று அர்த்தமில்லை. அடிக்கடி விழுகிறதே என்று அதைக் கழற்றிவிட்டு நேராக வயர் கொடுக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இதைவிட ஆபத்தான யோசனை வேறில்லை.

சர்ஜ் பெட்டியை வயர்மேன்கள் எஸ்பிடி என்பார்கள். அதன் உள்ளே இருப்பது துத்தநாக ஆக்சைடால் செய்த ஒரு வில்லை. 1960களின் பிற்பகுதியில் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தில் உருவான பொருள் இது. 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட மின்சாரமே கடத்தாது. வோல்ட் ஓர் எல்லையைத் தாண்டியதும் நானோவினாடிகளில் கடத்தியாக மாறி, மிகையான மின்சாரத்தைத் தரைக்குத் திருப்பிவிடும். அலை அடங்கியதும் பழையபடி ஆகிவிடும். 1906 முதல் கிரியான் வயல்களுக்குத் தண்ணீர் தரும் புக்கிட் மேரா அணையைத் தெரிந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வதானால், இது கலிங்கு. நீர் மட்டம் ஏறினால் தானாக வழியும். ஆனால் வழிந்த நீர் போக வாய்க்கால் வேண்டும். வாய்க்கால் தூர்ந்திருந்தால் கலிங்கு இருந்தும் வயல் மூழ்கும்.

அந்த வாய்க்கால்தான் எர்த். டிஎன்பி நம் வீட்டுக்கு லைவ், நியூட்ரல் வயர்களைத்தான் தருகிறது, எர்த் தருவதில்லை. மலேசிய வீடுகளில் எர்த் என்பது வீட்டுக்காரர் சொந்தமாகத் தரையில் அடித்த செம்புப் பூச்சுக் கம்பி. அதன் நலம் அவர் பொறுப்பு. ஆனால் வீடு கட்டிய நாளுக்குப் பிறகு அதைத் திரும்பிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பின்கட்டில் சமையலறைக்கு வெளியே போய்ப் பாருங்கள். கான்கிரீட் மூடி போட்ட ஒரு சின்னக் குழி இருக்க வேண்டும். சில வீடுகளில் பின்பக்கம் டைல்ஸ் போட்டபோது குழியே புதைந்துபோயிருக்கும். மூடி இருந்தாலும் உள்ளே கிளாம்ப் பச்சை பூத்துக் கிடக்கும். கையால் ஆட்டினால் ஆடும். செம்புக்கு விலை இருப்பதால் வயரையே வெட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு.

பாகான் செராய்ப் பக்கத்து ஈரக் களிமண் எர்த்துக்கு நல்ல மண்தான். ஆனால் ஈரம் கிளாம்பை அரிக்கவும் செய்யும். எர்த்தின் தடையை அதற்கென உள்ள மீட்டரால் அளக்க வேண்டும். அளவு 10 ஓமுக்குள் இருக்க வேண்டும். குறையக் குறைய நல்லது. கூடினால் இன்னொரு கம்பி அடித்து, பழையதோடு சேர்த்துக் கட்டலாம்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. எஸ்பிடிக்கென்று தனி எர்த் அடித்து, அதை வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விடுவது. தனியாக இருப்பது சுத்தம் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 ஓம் எர்த்தில் 1,000 ஆம்பியர் இறங்கினால் அந்தக் கம்பியின் வோல்ட் 10,000க்கு ஏறும். வீட்டில் உள்ள எல்லாமே அந்த ஒரே எர்த்தில் கட்டப்பட்டிருந்தால் எல்லாம் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கும்; எந்தச் சாமானுக்கு உள்ளேயும் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டு எர்த் இருந்தால் ஒன்று ஏறி மற்றொன்று ஏறாது. அந்த வித்தியாசம் முழுவதும் உங்கள் சாமான்களுக்குள் போய் வெடிக்கும். எத்தனை கம்பி வேண்டுமானாலும் அடியுங்கள். எல்லாம் ஒரே எர்த் முனையில் வந்து சேர வேண்டும்.

அடுத்தது வயரின் நீளம். ஒரு மீட்டர் நேர் வயரில், இடியலை போன்ற வேகமான மின்சாரம் பாயும்போது சுமார் 1,000 வோல்ட் கூடிவிடும். நல்ல எஸ்பிடி தன் முனையில் அலையை 1,500 வோல்ட்டுக்குள் அடக்கும். அதை இணைக்க வயர்மேன் ஒரு மீட்டர் வயரை அழகாகச் சுற்றி வளைத்துக் கட்டினால், சாமானுக்குப் போவது 2,500 வோல்ட். அதாவது தாங்கும் அளவின் விளிம்பு. அதனால் லைவிலிருந்து பெட்டிக்கும் பெட்டியிலிருந்து எர்த் முனைக்குமான வயரை, மொத்தம் அரை மீட்டருக்குள் முடிக்க வேண்டும் என்கிறது அனைத்துலக விதி. டிபி பெட்டியில் இடமில்லை என்று எஸ்பிடியைத் தள்ளி வேறு பெட்டியில் மாட்டினால் பாதிப் பயன் வயரிலேயே கரைந்துவிடும். வயரிங்கில் அழகுக்காக விடும் வளைவுகள் இங்கே ஆகாது.

டிபி பெட்டிக்குள் எஸ்பிடி உட்கார வேண்டிய இடம், மெயின் சுவிட்சுக்குப் பிறகு, ஈஎல்சிபிக்கு முன்னால். பின்னால் வைத்தால் எஸ்பிடி தரைக்கு அனுப்பும் மின்சாரத்தையே கசிவாகப் பார்த்து ஈஎல்சிபி விழும். மறுபடியும் கெட்டுப்போன ஆட்டிறைச்சி. முன்னால் வைப்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. வில்லை பழுதாகி லைவிலிருந்து எர்த்துக்குக் கசிய ஆரம்பித்தால் துண்டிக்க அங்கே ஈஎல்சிபி இல்லை. அதனால்தான் நம் நாட்டு முறைக்கு ஏற்ற எஸ்பிடியில் லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வில்லையும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வாயு நிரப்பிய குழாயும் இருக்கும். கடையில் இதை '1+1' என்பார்கள். மூன்று ஃபேஸ் வீட்டுக்கு '3+1'. எஸ்பிடிக்குத் தனியாக, தயாரிப்பாளர் சொல்லும் அளவில் ஒரு பியூஸோ எம்சிபியோ இருக்க வேண்டும்.

வாங்கும்போது கடைக்காரர் முதலில் காட்டுவது '40 கிலோ ஆம்பியர்' என்ற பெரிய எழுத்தைத்தான். அது பெட்டி சாகாமல் எவ்வளவு தாங்கும் என்பதன் கணக்கு. உங்கள் சாமானுக்கு எவ்வளவு வோல்ட் மிஞ்சும் என்பதைச் சொல்வது 'யூபி' என்று சின்னதாக அச்சிட்டிருக்கும் எண். அது 1.5 கிலோவோல்ட் அல்லது அதற்குக் கீழே இருக்கட்டும். 'யூசி' 275 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. ஐஇசி 61643-11 என்ற தர எண்ணும் பெட்டியின் மேலேயே இருக்க வேண்டும். சாதாரணத் தாமான் வீட்டுக்கு டைப் 2 போதும். கூரையில் இடிதாங்கி உள்ள கட்டடங்களுக்கு, உதாரணமாகக் கோபுரத்தில் இடிதாங்கி வைத்த கோயில்களுக்கு, டைப் 1 வேண்டும். இடிதாங்கி காப்பது கட்டடத்தை; கோயிலின் ஒலிபெருக்கி ஆம்பிளிஃபயரை அல்ல. ஆலய நிர்வாகங்கள் இதைக் கவனிப்பது நல்லது.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் எஸ்பிடியால் ஆகாத காரியங்கள் உண்டு. நேரடியாகக் கூரையில் விழும் இடியை டைப் 2 தாங்காது. ஆஸ்ட்ரோ தட்டின் கேபிள், சிசிடிவி வயர், ஆட்டோகேட்டுக்குத் தரையடியில் ஓடும் வயர் ஆகியவற்றின் வழியாக வரும் அலையை, டிபியில் இருக்கும் பெட்டி பார்ப்பதே இல்லை. ஆட்டோகேட் போர்டு அடிக்கடி போவதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய செம்பு டெலிபோன் வயர் போய் ஃபைபர் வந்ததில் ஒரு நன்மை, கண்ணாடி இழை இடியைக் கடத்தாது. மோடத்துக்கு ஒரு வாசல் அடைபட்டது. டிபியிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் வயர் ஓடும் அறையில் விலையுயர்ந்த சாமான் இருந்தால், அங்கே எர்த் உள்ள சர்ஜ் பிளக் ஒன்றைக் கூடுதலாக வைக்கலாம். இரண்டு முள் அடாப்டரில் சொருகினால் அதனால் முழுப் பயன் இல்லை.

நியூட்ரல் துண்டிப்பு வேறு வகை ஆபத்து. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால் சில வீடுகளுக்கு 230க்குப் பதில் 400 வோல்ட் வரை போய், அங்கேயே நிற்கும். எஸ்பிடி மைக்ரோவினாடி அலைக்குச் செய்தது. நிமிடக்கணக்கில் நிற்கும் 400 வோல்ட்டில் அது தானே வெந்துபோகும். அதற்கு வோல்ட் கூடினால் துண்டிக்கும் ரிலே தனியாக இருக்கிறது.

வில்லை ஒவ்வோர் இடியிலும் கொஞ்சம் தேயும். ஆயுள் முடிந்தால் எஸ்பிடியின் முகப்பில் உள்ள சின்னச் சன்னல் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும். மாறியும் வீட்டில் விளக்கெரியும், எல்லாம் ஓடும். பாதுகாப்பு மட்டும் இருக்காது. பெரிய இடிமழைக்குப் பிறகு டிபி மூடியைத் திறந்து ஒரு பார்வை பாருங்கள். ஊருக்குப் போகும்போது ஆட்டோகேட், டிவி, மோடம் ஆகியவற்றைப் பிளக்கிலிருந்து கழற்றிவிடும் பழக்கத்தையும் விட வேண்டாம். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. வானத்திலிருந்து காற்றைக் கிழித்துக்கொண்டு வந்த இடிக்குச் சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி ஒரு பொருட்டல்ல. இடி இடிக்க ஆரம்பித்த பிறகு போய்ப் பிளக்கைத் தொடவும் கூடாது.

பழைய கம்போங் வீட்டிலோ தோட்டத்து லயத்திலோ பீங்கான் பியூஸ் கட்டையோடு வயரிங் இருந்தால், எஸ்பிடியைப் பற்றி யோசிக்கும் முன் ஈஎல்சிபி உள்ள புது டிபிக்கு மாறுங்கள். கையில் இருக்கும் காசு அதற்குத்தான் முதலில் போக வேண்டும்.

இதை நீங்களே செய்யும் வேலையாக நினைக்காதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதற்கு மேல்பக்க முனையில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். மீட்டரிலும் கட்அவுட்டிலும் உள்ள டிஎன்பி முத்திரையைத் தொடக் கூடாது. 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகளின்படி, வீட்டு வயரிங் வேலையைச் செய்ய எரிசக்தி ஆணையத்திடம் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் வேண்டும். அவரை அழைக்கும்போது எர்த் அளக்கும் மீட்டரையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அளந்த எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மீட்டர் இல்லாமல் பெட்டியோடு மட்டும் வருகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.