காரின் சீறல்

காலையில் காரைக் கிளப்பியதும் "உஸ்" என்ற சீறல் எழுகிறதா? பெற்றோல் இயந்திரம் காற்றை உறிஞ்சும் வழியில் றப்பர்க் குழாயொன்று வெடித்திருக்கலாம். அதை மாற்றுவது சிறு வேலை; ஆகவே பலர் நாட்கடத்துவர். அது தகாது. அக்குழாய்களுள் ஒன்று, காலின் விசையைப் பெருக்கித்தரும் பிறேக் கலத்துக்குச் செல்வது. அதில் காற்றுப் புகுந்தால் மிதி கல்லாய் இறுகும். வண்டியை வேண்டிய இடத்தில் நிறுத்தல் அரிது. மிதிக்கையில் சீறல் கூடினால் ஐயம் அதன்மேலேயே விழவேண்டும்.

சோதித்தல் எளிது. இயந்திரத்தை நிறுத்தி, பிறேக்கை ஐந்தாறு முறை மிதியுங்கள்; பின் மிதியை அழுத்தியபடியே கிளப்புங்கள். மிதி சற்றுத் தாழவேண்டும். தாழாவிடின் வண்டியைத் தெருவில் இறக்காது, மெக்கானிக்கை வீட்டுக்கே அழைப்பியுங்கள். கூலி கூடத்தான் செய்யும்!

ஓடி நின்ற வண்டி சீறினால் அது பெரும்பாலும் றேடியேற்றர் ஆவி. ஆறுமுன் மூடியைத் தொடாதீர்கள்.