பக்கவாதத்திற்குப் பின் கையின் மீட்சி

பக்கவாதம் தாக்கியவர் எழுந்து நடக்கத் தொடங்கியதும் சிகிச்சை முடிந்துவிட்டதாகக் குடும்பத்தினர் பெரும்பாலும் கருதிவிடுகின்றனர். ஆனால் பலருக்குக் கை அப்போதும் செயலற்றே இருக்கும். பொத்தான் போடவும் சோற்றைப் பிசைந்து உண்ணவும் இயலாதவர், நடமாடினாலும் பிறரைச் சார்ந்தவரே. தையற்காரருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போய்விடுகிறது.

பழுது கையில் இல்லை, மூளையில் உள்ளது. அழிந்துபோன மூளை அணுக்கள் மீள்வதில்லை. எஞ்சிய பகுதிகளே புதிய இணைப்புகளை உண்டாக்கி, இழந்த பணியில் ஒரு பங்கை ஏற்கின்றன. இதற்குத் தூண்டுகோல், பயனுள்ள ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்தலாகும். குவளையை எடுத்தல், துணியை மடித்தல் போன்றவை வெறும் அசைவுப் பயிற்சியைவிடச் சிறந்தவை. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும். பின்னர் அது அடியோடு நின்றுவிடுவதில்லை.

நோயாளியோ சில முறை முயன்று தோற்றபின், நல்ல கையாலேயே எல்லாம் செய்யப் பழகிவிடுகிறார். இதனால் நலிந்த கை மேலும் ஒதுக்கப்படுகிறது. இதை முறியடிக்க அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்டு டாப் வகுத்த முறையில், நல்ல கைக்கு உறையிட்டு, நலிந்த கைக்கு 2 வாரம் தீவிரப் பயிற்சி அளிக்கப்படுகிறது. நோயுற்று 3 முதல் 9 மாதங்களான 222 பேரிடம் அந்நாட்டில் நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. இம்முறையால் அடைந்த முன்னேற்றம் ஓராண்டிற்குப் பின்னும் நிலைத்திருந்தது. எனினும் மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதளவேனும் நிமிர்த்த இயன்றோர்க்கே இது பொருந்தும்.

வீடுகளில் நிகழும் தவறுகள் சிலவற்றையும் கூற வேண்டும். ரப்பர் பந்தைப் பிசையச் சொல்வது எங்கும் காணும் வழக்கம். விரல்கள் மடங்கி இறுகியவருக்குக் குறை பெரும்பாலும் பிடிப்பதில் அன்று, விரிப்பதில்! துவண்ட கையைப் பற்றி இழுத்து நோயாளியைத் தூக்குவதும் தீங்கானது. தோள் மூட்டு நழுவி, பல மாதம் வலி நீடிக்கக்கூடும்.

அவ்வாறாயின் உறவினர்க்கு முறையாகக் கற்பித்து, பயிற்சிப் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிடலாமா? சிகிச்சையாளர் போதாத நம் நாட்டில் இது இயல்பாக எழும் எண்ணமே. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டு, முடிவு 2017-இல் வெளியாயிற்று. ஆறு மாத முடிவில், குடும்பத்தினர் பயிற்சி பெற்ற பிரிவிலும் வழக்கமான சிகிச்சைப் பிரிவிலும் இறந்தோரும் பிறரைச் சார்ந்தோரும் சேர்ந்து 47 சதவீதமே. கையை மட்டும் அளந்த ஆய்வன்று இது. ஆயினும், சிகிச்சையாளரின் இடத்தைக் குடும்பம் எளிதில் நிரப்பிவிடும் என்ற நம்பிக்கைக்கு இது இடம் தரவில்லை.

2018-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய திட்டம், மருத்துவமனையை விட்டு வந்தபின் 15 நாள் வரையிலான மருந்து, பரிசோதனைச் செலவுகளை ஏற்கிறது. கையின் மீட்சிக்கோ மாதங்கள் தேவை. மாவட்ட மருத்துவமனைதோறும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எனப்படும் செயல்முறைச் சிகிச்சையாளர் ஒருவரையேனும் நியமித்து, நோயாளி வாரம் ஒருமுறை வந்து செல்லப் பேருந்துக் கட்டணமும் வழங்கினால், இந்த இடைவெளியின் ஒரு பகுதியையாவது அடைக்கலாம்.