கூத்துக் களத்தில் ஆட்டோ பிளாஷ்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் விடிய விடியத் தெருக்கூத்து உண்டு. பிலிம் கேமராவில் அதைப் படம் எடுப்பவருக்குத் துரியோதனன் வேடம் பெரிய சோதனை. கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் பளீரிடும். முதுகுக்குப் பின்னால் கும்மிருட்டு. ஆட்டோ பிளாஷ் இரண்டிடமும் ஏமாறும்.

பிளாஷின் முகப்பில் சின்ன ஒளி உணரி ஒன்று இருக்கிறது. ஆள்மீது பட்டுத் திரும்பும் ஒளி போதிய அளவு சேர்ந்ததும் உள்ளே இருக்கும் தைரிஸ்டர் பிளாஷை அணைத்துவிடும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்பதுதான் அதன் கணக்கு. கண்ணாடித் துண்டு ஒளியைத் திருப்பியடித்தால் அவசரப்பட்டு நிறுத்திவிடும், முகம் கறுத்துப்போகும். படத்தில் பெரும்பகுதி இருட்டாக இருந்தாலோ ஒளியை அள்ளிக் கொட்டும், பாடுபட்டு எழுதிய முகவண்ணம் வெளுத்துப்போகும்.

எந்தப் பக்கம் ஏமாந்தது என்பது ரோலைக் கழுவும்வரை தெரியாது. அதனால்தான் ஒரே வேடத்தை ஒளி கூட்டியும் குறைத்தும் எடுத்துவைக்கும் பிராக்கெட்டிங். 100 ஐஎஸ்ஓ பிலிமுக்கு பிளாஷ் எஃப் 5.6 கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிளாஷில் எதையும் தொடாமல் லென்ஸை மட்டும் எஃப் 4-க்குத் திறந்தால் ஒரு ஸ்டாப் கூடும், எஃப் 8-க்கு மூடினால் ஒரு ஸ்டாப் குறையும்.

ஷட்டரைத் திருகி முகத்தின் ஒளியை மாற்ற முடியாது. ஷட்டர் மூடுவதற்கு வெகுமுன்பே பிளாஷ் வேலையை முடித்துவிடுகிறது. பென்டாக்ஸ் கே1000-இல் 1/60-ஐத் தாண்டினால் படத்தின் ஒரு பகுதி இருண்டே போகும். 1/15-க்கு இறக்கினால் முகம் அப்படியே இருக்க, டியூப் லைட் வெளிச்சத்தில் பின்பாட்டுக்காரர்களும் தெரிவார்கள். எனக்குப் பிடித்த வழி இது. கூத்து அவர்களையும் சேர்த்துத்தானே!

1975-இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-2, லென்ஸ் வழியே பிலிம்மீது விழும் பிளாஷ் ஒளியையே அளந்தது. இந்த டிடிஎல் முறையில் துளையை மாற்றினால் கேமரா அதை ஈடுகட்டிவிடும். பல கேமராக்களில் ஐஎஸ்ஓ டயலைத்தான் திருப்ப வேண்டும்: 100-ஐ 50 ஆக்கினால் ஒரு ஸ்டாப் கூடும்.

கலர் நெகட்டிவ் அதிக ஒளியைத் தாங்கும், குறைந்தால் தாங்காது. ரோலில் கொஞ்சம்தான் மிச்சம் என்றால் சரியளவில் ஒன்று, ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று போதும். ஸ்லைடு பிலிமுக்கு இரு பக்கமும் அரை ஸ்டாப். ஒவ்வொன்றுக்கும் நடுவே ரெடி விளக்கு எரியக் காத்திருங்கள். பேட்டரி சோர்ந்த பின்னிரவில் அவசரமாக அழுத்தினால், கூட்டி எடுத்ததாக நினைத்த படமும் கறுத்தே வரும்.