வடகோடியில் தோன்றிய ஒளிக்கீற்று

விளையாட்டை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவோரும் உளர்; அதுவே வாழ்வெனக் கொள்வோரும் உளர். இவ்விரு திறத்தாருக்கும் இடையே நின்று நோக்கினால், ஒரு கழகத்தின் ஓராண்டு ஆட்டக்கணக்கிலே ஒரு நிலப்பகுதி மக்களின் நெடுநாள் வேட்கை பொதிந்திருக்கக் காணலாம். நார்வே நாட்டின் போடோ கிளிம்ட் என்னும் காற்பந்துக் கழகம் 2024ஆம் ஆண்டு இளவேனிலில் தொடங்கி 2025ஆம் ஆண்டு மே மாதம் வரை ஆடிய ஆட்டங்கள் அத்தகைய வரலாறு உடையன.

ஊரும் பேரும்

போடோ, நார்வேயின் வட பகுதியில், ஆர்க்டிக் வட்டத்திற்கும் அப்பால் உள்ள கடற்கரை ஊர். மக்கள்தொகை ஐம்பதாயிரத்தைச் சற்றே கடந்தது. ஜூன் தொடக்கம் முதல் ஜூலை முதல் வாரம் வரை அங்கே கதிரவன் மறைவதில்லை. டிசம்பரிலோ பகலொளி சில மணி நேரத்தோடு அடங்கிவிடும். தொழுகை வேளைகளைக் கதிரவனைக் கொண்டு கணிக்கும் நமக்கு இது வியப்பூட்டும் செய்தியாகும். அவ்வூரின் கழகம் 1916இல் தோன்றியது. ‘கிளிம்ட்’ என்னும் நார்வேச் சொல்லுக்கு ஒளிக்கீற்று என்பது பொருள். கழகத்தின் ஆஸ்ப்மிரா அரங்கில் ஏறத்தாழ எட்டாயிரம் பேரே அமர இயலும். கடுங்குளிரில் இயற்கைப் புல் நில்லாதாகையால் செயற்கைப் புல்தரையே அங்கு ஆடுகளம்.

அடைபட்ட கதவு

இக்கழகத்தின் வெற்றியை உணர வேண்டுமாயின், அது கடந்து வந்த தடையை முதலில் அறிதல் வேண்டும். வட நார்வேக் கழகங்கள் தென்னாட்டுக் கழகங்களுடன் சமமாக ஆடத் தகுதியற்றன என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆட்டத்தரம் போதாது, பயணத் தொலைவு மிகுதி என்பன கூறப்பட்ட காரணங்கள். 1963 வரை அவை தேசியக் கோப்பைப் போட்டியில் கலந்துகொள்ள இயலவில்லை. முதற்பிரிவின் கதவோ 1972இல்தான் திறந்தது. அப்போதும் முழுமையாகத் திறக்கவில்லை. தென்னாட்டில் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்ற கழகம் நேரே முதற்பிரிவுக்கு உயர்ந்தது. வடநாட்டில் முதலிடம் பெற்ற கழகமோ மேலும் தகுதி ஆட்டங்களில் வென்றாக வேண்டும் என்பது அந்நாளைய விதி.

இத்தடைகளுக்கு 1975இல் தக்க விடை கிடைத்தது. முதற்பிரிவில் இடம்பெறாத நிலையிலேயே போடோ கிளிம்ட் நார்வேக் கோப்பையை வென்றது. வடநாட்டிலிருந்து அதனை வென்ற முதற்கழகம் அதுவே. அவ்வணியில் ஒளிர்ந்தவர் ஹரால்ட் பெர்க். அவருடைய பெயரன் பேட்ரிக் பெர்க், நாம் பேசும் பருவத்தில் அணித்தலைவராக விளங்கினார் என்பது நோக்கத்தக்கது.

எனினும் ஏற்றத்தை அடுத்து இறக்கமும் வந்தது. 2016இல் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. 2017இல் மீண்டும் உயர்ந்தது. 2018இல் ஷெட்டில் க்னுட்சன் தலைமைப் பயிற்சியாளரானார். 2020இல் 30 ஆட்டங்களில் 26 வென்று, 103 கோல்கள் அடித்துத் தன் வரலாற்றில் முதன்முறையாக லீக் பட்டம் சூடியது.

2024: உள்நாட்டுப் பட்டம்

நார்வேயின் முதற்பிரிவில் 16 கழகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 30 ஆட்டங்கள் ஆடும். குளிர்காலத்தில் ஆட இயலாமையால் லீக் இளவேனிலில் தொடங்கி ஆண்டிறுதியில் முடியும். ஐரோப்பியப் போட்டிகளோ இலையுதிர் காலத்தில் தொடங்கி அடுத்த ஆண்டு இளவேனில் வரை நீள்வன. ஆகவே, நார்வேக் கழகம் ஒன்று உள்நாட்டுப் பருவத்தின் களைப்போடு ஐரோப்பியப் போட்டிக்குள் நுழைகிறது. பிறநாட்டு அணிகள் ஆட்டத்தின் உச்சத்தில் இருக்கும் பிப்ரவரி மாதத்தில் அதற்கு லீக் ஆட்டமே இராது. இவ்விடர்ப்பாட்டினூடே 2024ஆம் ஆண்டின் லீக் பட்டத்தைப் போடோ கிளிம்ட் கைப்பற்றியது. பெர்கன் நகரின் பிரான் கழகம் இரண்டாமிடம் பெற்றது. கடைசி ஆட்டநாளில்தான் முடிவு உறுதியாயிற்று. ஐந்தாண்டுகளில் இது நான்காம் பட்டம்.

ஐரோப்பியப் பயணம்

2024 ஆகஸ்டில் சாம்பியன்ஸ் லீக் வாயிலில் செர்பியாவின் ரெட் ஸ்டார் கழகத்திடம் அது தோற்றது. சொந்த ஊரில் 2-1 என வென்றும், பெல்கிரேடில் 0-2 என வீழ்ந்தது. எனவே, அடுத்த நிலையிலுள்ள ஐரோப்பா லீக்கில் இடம்பெற்றது. அதன் முதல் ஆட்டத்தில், செப்டம்பர் 25 அன்று, போர்ச்சுகலின் போர்டோ கழகத்தை, ஒருவர் வெளியேற்றப்பட்டுப் பதின்மராய்க் குறைந்த பின்னரும் 3-2 என வென்றது. 36 கழகங்கள் ஆடிய அச்சுற்றில் ஒன்பதாமிடம். முதல் எண்மர் நேரே முன்னேற, இவர்கள் கோல் வேறுபாட்டால் அவ்வாய்ப்பை இழந்து கூடுதல் சுற்று ஒன்று ஆட நேர்ந்தது.

அச்சுற்றில் நெதர்லாந்தின் ட்வென்டேயிடம் முதலில் 1-2 எனத் தோற்று, பின்னர்ச் சொந்த ஊரில் கூடுதல் நேரத்தில் 5-2 என வென்றனர். அடுத்து, கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸ் கழகத்தை 3-0 என வென்று, மறு ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றபோதும் முன்னேறினர்.

காலிறுதியில் எதிர்நின்றது உரோம் நகரின் லாசியோ. போடோவில் 2025 ஏப்ரல் 10 அன்று உல்ரிக் சால்ட்னெஸ் இரு கோல்கள் அடிக்க, 2-0 என வெற்றி கிட்டியது. ஒரு வாரம் கழித்து உரோமில் காட்சி மாறியது. ஆட்டநேரத்தின் இறுதி நொடிகளில் லாசியோ இரண்டாம் கோல் அடித்துச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் மூன்றாவதும் அடித்தது. எல்லாம் முடிந்தது என எண்ணிய வேளையில் ஆண்ட்ரியாஸ் ஹெல்மர்சன் ஒரு கோல் அடித்து மீண்டும் சமன் செய்தார். பெனால்டி உதைகளில் கோல்காவலர் நிகிடா ஹைக்கின் தடுத்து நிற்க, 3-2 என வெற்றி. நார்வேக் கழகம் ஒன்று ஐரோப்பியப் போட்டியின் அரையிறுதியை எட்டியது அதுவே முதன்முறை.

அரையிறுதியில் இலண்டனின் டாட்டன்ஹாம் கழகத்திடம் 1-3, 0-2 எனத் தோற்றனர். முதல் ஆட்டத்தில் தலைவர் பெர்க் தடையால் ஆட இயலவில்லை. அவ்வாண்டு கோப்பையை வென்றதும் டாட்டன்ஹாமே.

மனத்தைப் பயிற்றுவித்தல்

பொருள்வளம் மிக்க கழகங்களை இச்சிற்றூர் எதிர்கொண்டது எவ்வாறு? க்னுட்சனின் ஓயாத தாக்குதல் முறை ஒரு காரணம். மற்றொன்று பியோர்ன் மான்ஸ்வெர்க் அளித்த மனப்பயிற்சி. இவர் முன்னாள் போர்விமான ஓட்டி. 2017 முதல் கழகத்தோடு இணைந்து பணியாற்றினார். ஆட்டநாளின் அச்சத்தால் வயிற்று உபாதைக்கு ஆளாகி, விளையாட்டையே கைவிட எண்ணியவர் சால்ட்னெஸ். மான்ஸ்வெர்க்கின் துணையால் மீண்டவர், லாசியோவுக்கு எதிரே இரு கோல்கள் அடித்தார்!

அவர் கற்பித்த நெறி எளியது. வெற்றி, பட்டம், தரவரிசை இடம் ஆகியவற்றை இலக்காகக் கொள்ளாதீர். இன்றைய பயிற்சியையும் இந்நொடியின் ஆட்டத்தையும் செவ்வையாகச் செய்யுங்கள் என்பதே அது. எதிரணி கோல் அடித்ததும் வீரர்கள் வட்டமாகக் கூடுவர். யார் பிழை என வினவுவதில்லை; அடுத்துச் செய்யவேண்டியதைப் பேசிக் கலைவர். உரோமில் இறுதி நொடியில் விழுந்த கோலுக்குப் பின்னும் அவர்கள் உடைந்துபோகாமைக்கு இப்பழக்கம் உதவியிருக்கும் எனலாம்.

மான்ஸ்வெர்க் இதனைச் சமயமொழியில் கூறவில்லை. ஆயினும், முயற்சி நம்முடையது, முடிவு இறைவனுடையது என்று நம் பெரியோர் இல்லந்தோறும் சொல்லிவரும் அறிவுரைக்கு இந்நெறி அணுக்கமானது. தேர்வு முடிவை எண்ணி நடுங்கும் மாணவர்க்கு, இன்று படிக்கவேண்டிய பக்கத்தின் மீதே கண் வைத்தல் போதும் என இது உணர்த்துகிறது. மதிப்பெண்ணையே கேட்டுக்கேட்டுப் பிள்ளையை வாட்டும் பெற்றோரும் ஆசிரியருமாகிய நாமும் சிந்திக்கவேண்டிய இடம் இது.

2025 ஆகஸ்டில் ஆஸ்திரியாவின் ஸ்டர்ம் கிராஸ் கழகத்தை வென்று, ஓராண்டுக்கு முன் வாயிலில் தடுக்கப்பட்ட சாம்பியன்ஸ் லீக்கின் முதன்மைச் சுற்றுக்குள் போடோ கிளிம்ட் நுழைந்தது. ‘இவர்களுக்குத் தகுதியில்லை’ என்ற தீர்ப்பை ஓர் ஊரின் மீதோ, சமூகத்தின் மீதோ, ஒரு பிள்ளையின் மீதோ எழுதுவது எளிது. அத்தீர்ப்பைப் பொய்யாக்க வடநாட்டார்க்குத் தலைமுறைகள் தேவைப்பட்டன. பாட்டன் தொடங்கியதைப் பெயரன் தொடர்ந்தான். உழைப்பைத் தொடர்வோர்க்குக் கதவுகள் காலம் தாழ்த்தேனும் திறக்கும்.