வடிகாலுக்குப் பணம் யார் கொடுப்பது?



தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சேமநிதிப் பணத்தை எடுத்துப் பக்கத்துப் பட்டணத்தில் மலிவு விலை வீடு வாங்கிக் குடியேறியவர்கள் நம் மக்களில் பலர். விலை குறைந்த வீடுகள் பல வேளைகளில் தாழ்ந்த நிலத்தில்தான் அமைகின்றன. அடைமழை பெய்தால் ஒரே இரவில் மெத்தை, அரிசி, பிள்ளைகளின் பாடநூல்கள் எல்லாம் பாழாகிவிடுகின்றன. "கால்வாயைச் சரிசெய்யக் கூடாதா?" என்று அப்போது கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதை யாரிடம் கேட்பது? அந்த வேலைக்குரிய பணம் எங்கிருந்து வருகிறது? இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் தண்ணீரின் அளவை அறிந்துகொள்வோம். ஓர் ஏக்கர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் தண்ணீர் சேர்கிறது. 200 லிட்டர் பீப்பாயில் பிடித்தால் 1,000 பீப்பாய்கள் நிரம்பும். மரமும் புல்லும் உள்ள மண் இதில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். அதே நிலத்தில் வீடும் கடையும் தார்ச் சாலையும் வந்துவிட்டால், பெரும்பகுதி உடனே கால்வாய்க்கு ஓடிவரும். அந்நாளில் வெட்டிய கால்வாய் இந்நாள் தண்ணீரைத் தாங்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஜொகூரிலுள்ள சிகாமட் பட்டணத்தை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். பட்டணத்தின் ஊடே செல்லும் சிகாமட் ஆறு மூவார் ஆற்றில் கலக்கிறது. 2006ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், பின்னர் 2011, 2023ஆம் ஆண்டுகளிலும் அந்த வட்டாரம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. ஆறு நிரம்பி நிற்கும்போது பட்டணத்துக் கால்வாய் நீர் ஆற்றில் இறங்க வழியில்லை. அது திரும்பி வீடுகளுக்குள் ஏறுகிறது. ஆகவே கால்வாயை மட்டும் அகலமாக்கினால் போதாது. ஆற்றையும் கவனிக்க வேண்டும். இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. கால்வாய்க்கு ஒரு பணப்பை, ஆற்றுக்கு வேறொரு பணப்பை.

வீட்டோரக் கால்வாயும் குடியிருப்புச் சாலையோரக் கால்வாயும் நகராட்சியின் பொறுப்பு. அதற்குரிய பணத்தின் பெரும்பகுதி, வீட்டுக்காரர் கட்டும் மதிப்பீட்டு வரியிலிருந்து வருகிறது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் இதற்கு வகை செய்கிறது. வடிகாலுக்கென்று தனி வரி விதிக்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. ஜொகூரில் வீட்டின் விலை மதிப்பை வைத்து வரி கணக்கிடப்படுகிறது. உதாரணமாக, 1 லட்சம் வெள்ளி மதிப்புள்ள வீட்டிற்கு 0.2 விழுக்காடு வரி என்றால் ஆண்டுக்கு 200 வெள்ளி. தெருவிளக்கு, கால்வாய் தூர்வாருதல் போன்ற பல செலவுகள் இதற்குள் அடங்க வேண்டும். கடைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த பெருநகருக்கு வரி வருவாய் அதிகம். சிறுபட்டணத்தின் பை சிறியது.

ஆறும் நிலமும் மாநில அரசைச் சேர்ந்தவை. வடிகாலும் நீர்ப்பாசனமும் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொதுவான பொறுப்பு என்று நம் அரசியலமைப்புச் சட்டம் வகுத்திருக்கிறது. ஆற்றை ஆழப்படுத்துதல், கரை எழுப்புதல், நீர் தேக்கும் குளம் வெட்டுதல் போன்ற வேலைகளை வடிகால் நீர்ப்பாசன இலாகா மேற்கொள்கிறது. இத்தகைய பெருந்திட்டங்களுக்கு ஐந்தாண்டுத் திட்டத்தில் மத்திய அரசாங்கம் ஒதுக்கும் பணமே பெரும்பாலும் ஆதாரம். அந்தப் பணத்துக்கு எல்லா ஊர்களும் காத்திருக்கின்றன.

மூன்றாவது பை, வீடமைப்பு நிறுவனங்களுடையது. புதிய வீடமைப்புப் பகுதியில் பெய்யும் மழைநீரை அங்கேயே குளத்தில் தேக்கி, மெல்ல வெளியேற்ற வேண்டும் என்ற முறை 2001ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் செலவு கட்டுபவரைச் சேர்ந்தது. மேட்டில் கட்டுபவர் இதைச் செய்யத் தவறினால், பள்ளத்தில் இருப்பவர் அதன் விலையைக் கொடுக்கிறார்.

தோட்டத்து லயங்களின் நிலை வேறு. தோட்டம் தனியார் நிலம். அதற்குள் ஓடும் கால்வாயை நகராட்சி வெட்டித் தராது. அது நிர்வாகத்தின் பொறுப்பு. ஆனால் தண்ணீருக்குத் தோட்டத்து எல்லைக்கல் தெரியாது. தோட்டத்துக் கால்வாய் மண்மூடிப் போனால் லயத்தில் வெள்ளம். அந்த மண் அடித்துச் செல்லப்பட்டால் பட்டணத்துக் கால்வாயில் அடைப்பு.

பணம் செலவழிக்காமல் இருப்பது சிக்கனமா? 2021ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது. அதில் குடியிருப்புகளுக்கு நேர்ந்த சேதம் மட்டும் 160 கோடி வெள்ளி. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னது வெறும் பேச்சல்ல. புதிதாகக் கட்டிய கால்வாயையும் ஆண்டுதோறும் தூர்வாராவிட்டால் அதன் கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். ஒருமுறை கொட்டும் பெரும் பணத்தைவிட, தவறாமல் ஒதுக்கும் சிறு பணம் சில வேளைகளில் அதிகம் காக்கும்.

இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. எந்த ஊருக்கு முதலில் திட்டம் என்று முடிவு செய்யும்போது, தடுக்கப்படும் சேதத்தின் மதிப்பை வெள்ளிக்கணக்கில் எடை போடுவார்கள். மலிவு வீட்டில் நனைந்த மெத்தையும் புத்தகமும் அந்தத் தராசில் இலேசானவை. நாமும் வாய் திறக்காமல் இருந்தால் அவை கணக்கிலேயே ஏறமாட்டா.

ஆகவே வெள்ளம் வந்த தேதி, நேரம், சுவரில் தண்ணீர் ஏறிய உயரம், சேதமான பொருள்கள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தெருவார் பலரும் கையொப்பமிட்டு நகராட்சிக்குக் கடிதம் கொடுங்கள். பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுநீர் ஏறியதென்றால் வடிகால் நீர்ப்பாசன இலாகாவுக்கும் எழுதுங்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் தொழிற்சங்கத்தின் வழி நிர்வாகத்திடம் பேசுங்கள். எழுதத் தயங்கும் பெரியவர்களுக்குப் படித்த பிள்ளைகள் உதவட்டும். வரி கட்டுகிற நமக்கு, அந்த வரியில் கால்வாய்க்கு எவ்வளவு போகிறது என்று கேட்கும் உரிமை உண்டு. குப்பையைக் கால்வாயில் கொட்டாதிருக்கும் கடமையும் உண்டு.